அமெரிக்கப் பள்ளிகளில் இனப்பிரிவினை: ஒரு பள்ளி வாரியத்தின் முன்னுள்ள வழிகளில் எது எங்கே பலிக்கும்?

வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் சட்டம் போட்டுத் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரௌன் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டது, பிரிவினை போகவில்லை. 2020-21 கல்வியாண்டில் நாட்டு மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர், சுமார் 1.85 கோடிப் பேர், ஏதோ ஒரு இனத்தவர் மட்டுமே 75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த பள்ளிகளில் படித்தார்கள். இது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்லும் அரசுத் தணிக்கை அலுவலகம் 2022-ல் வெளியிட்ட எண்.

இதைக் குறைக்க நினைக்கும் ஒரு பள்ளி வாரியத்துக்குப் பல வழிகள் உண்டு. பள்ளி எல்லைகளை மாற்றி வரையலாம். பெற்றோர் விருப்பத்தைக் கேட்டு, இனமும் வருமானமும் ஓரிடத்தில் குவியாமல் பங்கிடலாம். மேக்னட் பள்ளி எனப்படும் சிறப்புப் பாடத்திட்டப் பள்ளிகளைத் திறக்கலாம். பக்கத்து ஊர்களோடு மாணவரைப் பரிமாறிக்கொள்ளலாம். அல்லது பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே பணத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். இவற்றில் எதுவும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. பிரிவினை எந்தக் கோட்டில் விழுந்திருக்கிறது என்பதே வழியைத் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் தொடங்கிய திட்டங்கள் பெரும்பாலும் காசையும் நம்பிக்கையையும் சேர்த்தே கரைத்திருக்கின்றன.

எதற்காக இந்தப் பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கறுப்பினப் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்று யாரும் வாதாடவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதுமுள்ள தேர்வு மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்தது இதுதான்: கறுப்பினப் பிள்ளைகளும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தினோப் பிள்ளைகளும் ஏழ்மை குவிந்த பள்ளிகளில் அடைபடுவதோடுதான் மதிப்பெண் இடைவெளி மிக வலுவாகச் சேர்ந்து நடக்கிறது. அப்படிப்பட்ட பள்ளியில் அனுபவமுள்ள ஆசிரியர் நிலைப்பதில்லை. உயர்நிலைக் கணிதமும் இயற்பியலும் நடத்த ஆள் கிடைப்பதில்லை. வாரியத்திடம் போய்ச் சண்டை போட நேரமும் செல்வாக்கும் உள்ள பெற்றோரும் அங்கே குறைவு.

முதல் வேலை: அளப்பது

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. அது தனக்கென வாரியமும் எல்லையும் உள்ள தனி நிர்வாகம்; பல மாநிலங்களில் சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. நாட்டில் இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன. வட கரோலினா, ஃபுளோரிடா, மேரிலாண்ட் போன்ற இடங்களில் மாநிலத்தின் உட்பிரிவான கவுன்ட்டி ஒன்று முழுதும் பெரும்பாலும் ஒரே மாவட்டம். நியூ ஜெர்சி, கனெக்டிகட், மிச்சிகன் மாநிலங்களிலோ ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு மாவட்டம். முதல் வகையில் பிரிவினை மாவட்டத்துக்குள் இருக்கும்; அதைத் தீர்க்கும் அதிகாரமும் அந்த ஒரே வாரியத்திடம் இருக்கும். இரண்டாம் வகையில் பிரிவினை மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கும். எந்த ஒரு வாரியமும் தனியாக அதைத் தொட முடியாது.

அளப்பதற்குப் பரவலாகப் பயன்படும் எண் வேறுபாட்டுக் குறியீடு. ஒரு மாவட்டத்தில் கறுப்பின மாணவர் 1,000, வெள்ளை மாணவர் 1,000, பள்ளிகள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் கறுப்பினத்தவர் 800, வெள்ளையர் 200, இரண்டாவதில் நேர்மாறு. மாவட்டக் கறுப்பின மாணவரில் எத்தனை சதவீதம் பேர், வெள்ளை மாணவரில் எத்தனை சதவீதம் பேர் ஒரு பள்ளியில் இருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு பள்ளியிலும் இரு பங்குகளின் வித்தியாசம் 60 சதவீதப் புள்ளி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் குறியீடு 60. ஒரு பிரிவில் நூற்றுக்கு அறுபது பேர் பள்ளி மாறினால்தான் பங்கீடு சமமாகும் என்று அதற்குப் பொருள். இதே கணக்கை முதலில் மாவட்டப் பள்ளிகளுக்கு மட்டும் போட வேண்டும், பிறகு சுற்றியுள்ள பெருநகரப் பகுதி முழுதுக்கும் போட வேண்டும். முதல் எண் சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் வந்தால், ஊருக்குள் எல்லை மாற்றி வரைவது வீண் வேலை.

ஏழ்மையை அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர் எண்ணிக்கையையே நெடுங்காலம் அளவுகோலாக வைத்திருந்தார்கள். 2014 முதல் நாடெங்கும் வந்த ஒரு விதிப்படி, ஏழை மாணவர் பங்கு ஒரு வரம்பைத் தாண்டிய பள்ளியில் எல்லோருக்கும் விண்ணப்பமின்றி இலவச உணவு தரலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய நன்மை. ஆனால் அந்தப் பள்ளியின் கணக்கில் நூற்றுக்கு நூறு பேரும் ஏழைகளாகத் தெரிவார்கள். எனவே உணவு உதவித் திட்டம், அரசு மருத்துவக் காப்பீடு போன்ற பதிவுகளிலிருந்து நேரடியாகச் சான்று பெற்ற மாணவர் எண்ணிக்கையை எடுப்பதே நம்பகமானது.

கட்டுப்பாடில்லாத விருப்பத் தேர்வு

“யாரையும் எங்கும் அனுப்ப வேண்டாம், பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும்” என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்ட்டி 1960-களில் அதைத்தான் செய்தது. அங்கே இருந்தது இரண்டே பள்ளி. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், கறுப்பினப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் இன்னும் பழைய கறுப்பினப் பள்ளியிலேயே இருந்தார்கள். ஒரு வெள்ளைப் பிள்ளைகூட அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1968-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு போதாது என்று தள்ளியது. பிரிவினை வேரோடு போய்விட்டதா என்று பார்க்க, மாணவர், ஆசிரியர், பிற ஊழியர், போக்குவரத்து, பாடம் சாராச் செயல்பாடுகள், கட்டட வசதி ஆகியவற்றை அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. இன்றும் ஒரு வாரியம் கையில் வைத்துக்கொள்ளத் தக்க பட்டியல் அது.

இது ஏன் தோற்கிறது? தேர்வுக்குச் செலவு உண்டு. தகவல் தேட நேரம் வேண்டும், காலையில் கொண்டுவிடக் கார் வேண்டும். இரண்டும் இருப்பவர்கள் நகர்வார்கள், இல்லாதவர்கள் அங்கேயே நிற்பார்கள். அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளியில் பஸ் வசதியும் சேர்க்கை விதியும் இல்லையென்றால் அதற்கும், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் வவுச்சருக்கும் இதே குறை உண்டு. வவுச்சருக்கு இன்னும் கசப்பான வரலாறும் இருக்கிறது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி, சேர்ந்து படிக்க வைப்பதைவிட மூடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே பூட்டிவைத்தது. வெள்ளைப் பிள்ளைகள் அரசு உதவித்தொகையோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலர் ஐந்து ஆண்டு பள்ளியையே பார்க்கவில்லை. பிரிவினையைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், விதியில்லாத தேர்வை இந்த ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

எல்லையை மாற்றுவதும் பள்ளிகளை இணைப்பதும்

சிறிய ஊருக்கு மிக மலிவான வழி இணைப்பு முறை. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் 1948-ல், பிரௌன் தீர்ப்புக்கு ஆறு ஆண்டு முன்பே, இதைச் செய்ததால் அவ்வூர்ப் பெயரிலேயே அது அழைக்கப்படுகிறது. பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ஒன்றில் கீழ் வகுப்புகள், மற்றதில் மேல் வகுப்புகள். இரு பகுதிப் பிள்ளைகளும் முதலில் ஒரு பள்ளிக்கும் பிறகு அடுத்த பள்ளிக்கும் சேர்ந்தே போவார்கள். குலுக்கல் இல்லை, விண்ணப்பம் இல்லை, தப்பிக்கும் சந்தும் இல்லை. அண்ணன் ஒரு கட்டடத்திலும் தங்கை இன்னொன்றிலும் படிக்க நேர்வதுதான் பெற்றோரின் பெரிய புகார். இரண்டு பள்ளிகளும் தொடங்கும் நேரங்களுக்கு நடுவே 20 நிமிட இடைவெளி வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் விட்டால் அதில் பெரும்பகுதி தணியும். பள்ளிகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் நான் முதலில் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பெரிய மாவட்டத்தில் எல்லை மாற்றுவது வேறு கதை. ராலே நகரமும் சுற்றுப்புறமும் 1976-ல் ஒரே மாவட்டமாக இணைந்து உருவானது வட கரோலினாவின் வேக் கவுன்ட்டி மாவட்டம். கேரி, மாரிஸ்வில் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பது இதே மாவட்டத்தில்தான். 2000-ல் அது இனத்தை அளவுகோலாக வைப்பதை நிறுத்தி, வேறு இரண்டு வரம்புகளை வைத்தது: எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை விலை உணவு பெறுவோர் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாசிப்பில் வகுப்புத் தரத்துக்குக் கீழே இருப்போர் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாடே கவனித்த திட்டம் அது. ஆனால் மக்கள்தொகை வேகமாகப் பெருக, புதுப் பள்ளிகளை நிரப்ப ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதோடு ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளி அட்டவணையும் சிலர்மேல் கட்டாயமானது. 2009 தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறியது. 2010-ல் திட்டம் கைவிடப்பட்டது.

வேக்கில் வரம்பு எண்கள் தவறில்லை. தன் பிள்ளை அடுத்த ஆண்டு எங்கே படிக்கும் என்று பெற்றோருக்குத் தெரியாமல் போனதுதான் திட்டத்தைச் சாய்த்தது. எல்லை மாற்றும்போது, சேர்ந்த பள்ளியிலேயே கடைசி வகுப்பு வரை இருக்கும் உரிமையும், தம்பி தங்கைகளுக்கு அதே பள்ளியில் முன்னுரிமையும் எழுத்தில் தர வேண்டும். பலன் மூன்று நான்கு ஆண்டு தள்ளி வரும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டால்தான் அடுத்த தேர்தலைத் திட்டம் தாண்டும்.

கட்டுப்படுத்திய தேர்வு

மாவட்டத்துக்குள் பிரிவினை இருக்கும் இடங்களுக்கு என் தீர்ப்பில் இதுவே சிறந்தது. ஆனால் செய்வதற்குக் கடினமானதும் இதுதான். குடும்பங்கள் மூன்று நான்கு பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கும். மாவட்டம் அவற்றை மதித்தபடியே, ஒவ்வொரு பள்ளியும் மாவட்டச் சராசரிக்கு அருகில் இருக்கும்படி இடம் ஒதுக்கும். மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் 1981 முதல் இதை நடத்துகிறது. பிற்பாடு இனத்துக்குப் பதில் குடும்ப வருமானத்தை முதன்மை அளவுகோலாக்கியது. சராசரி 40 சதவீதம், தளர்வு 10 புள்ளி என்றால், ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்த வருமானப் பிள்ளைகள் 30-க்கும் 50-க்கும் இடையே இருக்க வேண்டும்.

2007-க்குப் பிறகு சட்டத்தின் வாசல் குறுகியது. சியாட்டில், லூயிவில் திட்டங்களை எதிர்த்த வழக்கில், தனிப்பட்ட பிள்ளையின் இனத்தைப் பார்த்து இடம் தருவதை உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தடுத்தது. ஐந்தாவது வாக்கைத் தந்த நீதிபதி ஆன்டனி கென்னடி தனித் தீர்ப்பில் சில வழிகளைத் திறந்துவைத்தார்: புதுப் பள்ளிக்கு இடம் தேர்வது, பகுதி மக்களின் இயல்பை அறிந்து எல்லை வரைவது, சிறப்புத் திட்டங்களுக்கு நிதி தருவது, குறிப்பிட்ட பகுதிகளுக்குப் போய் மாணவரையும் ஆசிரியரையும் அழைப்பது, சேர்க்கையை இனவாரியாகக் கணக்கெடுப்பது. அதனால்தான் இப்போது தெருத் தொகுதியை அளவுகோலாக்குகிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஊரை நானூற்றுக்கும் மேற்பட்ட சிறு தொகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள குடும்ப வருமானம், பெரியவர்களின் படிப்பு, மாணவரின் இனக் கலவை மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு எண் தருகிறது. ஒரே தொகுதியில் வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த இனமானாலும், அதே எண்தான். கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் இதை ஏற்றுக்கொண்டது.

இதில் பழுது வரும் இடங்கள் மூன்று.

தொகுதியின் எண் பழசாகும். ஏழைத் தெரு ஒன்றில் வசதியானவர்கள் வீடு வாங்கத் தொடங்கினால், ஏழைத் தொகுதிக்கான முன்னுரிமையை அவர்கள் பிள்ளைகள் அனுபவிப்பார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைத் தரவை வைத்து எண்ணைப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவுக் காலம். மழலை வகுப்புக்கான முதல் சுற்று குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். வாடகை வீடு மாறும் குடும்பங்களும், புதிதாக வந்த குடியேறிகளும் ஆகஸ்டில்தான் வருவார்கள். அதற்குள் நல்ல பள்ளிகள் நிரம்பி, மீந்த பள்ளியில் எல்லா ஏழைப் பிள்ளைகளும் சேர்வார்கள். முந்தைய ஆண்டு தாமதமாக வந்தோர் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு பள்ளியிலும் அந்த அளவு இடத்தைக் கோடை இறுதி வரை காலியாக வைப்பதுதான் மருந்து. இடம் ஒதுக்கும் சூத்திரமும் முக்கியம். முதல் விருப்பத்தைத் தவறவிட்டால் இரண்டாவதிலும் பின்தங்கும் பழைய சூத்திரம், சூட்சுமம் தெரிந்த பெற்றோருக்கே சாதகம். பாஸ்டன் நகரம் 2005-ல் அதைக் கைவிட்டு, உண்மையான விருப்பத்தை எழுதுபவர் நட்டப்படாத சூத்திரத்துக்கு மாறியது.

மூன்றாவது பஸ். இதில்தான் பெரும்பாலான திட்டங்கள் நொறுங்குகின்றன. கென்டக்கியின் லூயிவில்லில் 1975-ல் நகர, கவுன்ட்டிப் பள்ளிகளை இணைத்து நீதிமன்ற ஆணைப்படி பஸ் திட்டம் தொடங்கியது. எந்த ஆண்டு யார் தூரத்துப் பள்ளிக்குப் போவது என்பதைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்து தீர்மானித்தது. வெள்ளைப் பிள்ளைகள் 12 ஆண்டுப் படிப்பில் 2 ஆண்டு போனால் போதும். கறுப்பினப் பிள்ளைகள் 8 அல்லது 9 ஆண்டு போக வேண்டும். பின்னர் முறை மாறியும் நகரின் மேற்குப் பகுதிக் கறுப்பினக் குடும்பங்களின் மேல் இருந்த பாரம் நீங்கவில்லை. 2022-ல் வாரியம் அவர்களுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி அல்லது தூரத்துப் பள்ளி என்ற உரிமையைத் தந்தது. அது நியாயம். ஆனால் 2023 ஆகஸ்டில், ஓட்டுநர் பற்றாக்குறையைச் சமாளிக்கப் புது வழித்தடத் திட்டம் போட்ட முதல் நாளே, கடைசிப் பிள்ளை வீடு சேர இரவு பத்து மணி நெருங்கியது. பள்ளிகளை ஒரு வாரத்துக்கு மேல் மூட நேர்ந்தது. அடுத்த கல்வியாண்டில் மேக்னட் பள்ளி மாணவர் பெரும்பாலோருக்குப் பஸ்ஸே நிறுத்தப்பட்டது. பஸ் நின்ற அன்றே கட்டுப்படுத்திய தேர்வு வெறும் தேர்வாகிவிடும். காரில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். எனவே திட்டத்தை அறிவிக்கும் முன் ஓட்டுநர் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பஸ் காலையில் எத்தனை நடை போகும், பள்ளி மணிகளை எத்தனை கட்டமாகப் பிரிக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் 45 நிமிடத்துக்கு மேல் பயணிக்காமல் எந்தப் பள்ளிகளை ஒரே மண்டலத்தில் வைக்கலாம் என்று அங்கிருந்து கணக்குப் போட வேண்டும்.

மேக்னட் பள்ளி

கலை, அறிவியல், இருமொழிக் கல்வி என்று தனிச்சிறப்போடு ஒரு பள்ளியை அமைத்து, எல்லாப் பகுதிப் பிள்ளைகளையும் தானாக வரவைப்பது இதன் நோக்கம். கட்டாயம் இல்லாததால் எதிர்ப்பும் குறைவு. ஆனால் எட்டுவது கொஞ்சம் பேரைத்தான். கான்சஸ் சிட்டியில் 1985-லிருந்து நீதிமன்ற ஆணையின்கீழ் 200 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்து, ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் வரை கட்டினார்கள். புறநகர் வெள்ளைக் குடும்பங்கள் எதிர்பார்த்த எண்ணிக்கையில் வரவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளின் அடித்தளத்தையே வெட்டியது. கட்டடம் வசதியானவரை இழுத்துவிடாது. முதல்வர், ஆசிரியர் குழு, அதே வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

அமைக்கும்போது இரண்டைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நுழைவுத் தேர்வு வைத்தால் பிரிவினை வேறு வாசல் வழியாக வரும்; குலுக்கல்தான் சரி. பள்ளிக்குள் பள்ளியாக மேக்னட்டை வைத்தால், மாடியில் ஒரு இனமும் கீழ்த்தளத்தில் இன்னொரு இனமும் என்றாகிவிடும். முழுப் பள்ளியாகவே வைக்க வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் பதினைந்தாம் மாவட்டம் மேக்னட் எதுவும் கட்டாமலேயே இதில் முன்னேறியது. 2019 சேர்க்கையிலிருந்து நடுநிலைப் பள்ளிகளின் மதிப்பெண், நேர்காணல் சல்லடைகளை எடுத்துவிட்டு, 52 சதவீத இடங்களைக் குறைந்த வருமானத்தவர், ஆங்கிலம் கற்போர், நிலையான வீடில்லாதோர் ஆகியோருக்கு முன்னுரிமையாக வைத்துக் குலுக்கல் நடத்தியது. சல்லடையை எடுக்க ஏறத்தாழச் செலவே இல்லை.

மாவட்ட எல்லையைத் தாண்டுவது

டெட்ராய்ட் நகரத்தையும் 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போட கீழ் நீதிமன்றம் முனைந்தபோது, 1974 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று மறுத்தது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் அவற்றை இழுக்கக் கூடாது என்பது காரணம். பிரௌன் வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் அன்று நீதிபதியாக இருந்து கடுமையாக மறுத்து எழுதினார். சேர்ந்து படிக்க வைப்பதிலிருந்து தப்ப ஊர் எல்லையைத் தாண்டி வீடு வாங்கினால் போதும் என்பதை அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. அமெரிக்கப் பள்ளி வரலாற்றில் பிரௌனுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளின் வாழ்வைத் திருப்பிய தீர்ப்பு இதுதான் என்பேன். திருப்பிய திசை தவறானது.

ஆகவே மாவட்டம் தாண்டிய திட்டம் விருப்பத்தாலோ, மாநில அரசியலமைப்பின் வழியாகவோதான் வர முடியும். 1966 முதல் பாஸ்டன் பிள்ளைகளைப் புறநகர்ப் பள்ளிகளுக்கு அனுப்பும் மெட்கோ திட்டத்தில் சுமார் 3,000 பேர் படிக்கிறார்கள். நன்மை உண்டு, ஆனால் ஒரு வழிப் பயணம். பாரம் முழுக்கக் கறுப்பின, லத்தினோப் பிள்ளைகள் மேல். செயின்ட் லூயிஸில் 1983 உடன்பாட்டுக்குப் பின் உச்சக்கட்டத்தில் 13,000-க்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர் புறநகர்ப் பள்ளிகளில் படித்தார்கள். வந்து சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் முழுச் செலவையும் மாநிலம் புறநகர் மாவட்டத்துக்குக் கொடுத்ததே இதன் வேகத்துக்குக் காரணம்.

கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் 1989-ல் தொடங்கிய வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1996-ல் 4-3 என்று தீர்ப்பளித்தது. ஊர் எல்லையையே பள்ளி எல்லையாக்கும் மாநிலச் சட்டம்தான் பிரிவினைக்குக் காரணம் என்றது அது. அதன் விளைவாக வட்டார மேக்னட் பள்ளிகளும் புறநகர் இடங்களும் உருவாயின. இடையில் ஒரு குறை வந்தது. மேக்னட்டில் கறுப்பின, லத்தினோ மாணவர் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பால், வெள்ளை, ஆசிய மாணவர் போதாதபோது இடங்கள் காலியாகவே கிடந்தன. ஹார்ட்ஃபோர்டுப் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். வழக்குகளுக்குப் பின் அளவுகோல் சமூக-பொருளாதார நிலைக்கு மாறியது. வரம்பு வைக்கும் எவரும் காலி இடத்தை நிரப்பும் விதியையும் அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே பணம்

1973-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டெக்ஸஸ் வழக்கின் எண்கள் இன்றும் வலிக்கின்றன. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் மாவட்டம் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி விதித்து மாணவருக்கு 26 டாலர் திரட்டியது. அதே நகரின் அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் வரி விதித்து 333 டாலர் திரட்டியது. ஏழை ஊர் கூடுதல் வரி கட்டிக் குறைவாகப் பெற்றது. கூட்டாட்சி அரசியலமைப்பு இதைத் தடுக்காது என்று 5-4 தீர்ப்பு வந்ததால், போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்குப் போனது.

நியூ ஜெர்சியில் ஆபட் வழக்குகள் எனப்படும் பள்ளி நிதி வழக்குகள் 31 ஏழை மாவட்டங்களுக்கு வசதியான ஊர்களுக்கு இணையான நிதியும், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தரமான மழலைக் கல்வியும் வாங்கித் தந்தன. பணம் பயன் தராது என்ற பழைய வாதம் இப்போது எடுபடாது. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 12 ஆண்டும் தொடர்ந்து மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடினால், ஏழைக் குடும்பப் பிள்ளைகள் ஏறத்தாழ அரை ஆண்டு கூடுதலாகப் படித்து, பெரியவர்களாகி 10 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனாலும் நியூ ஜெர்சி இன்றும் மிகப் பிரிந்த மாநிலங்களில் ஒன்று. பிரிவினைக்கு எதிராக 2018-ல் தனி வழக்கே தொடர வேண்டியிருந்தது. நிதி வேறு, சேர்ந்து படிப்பது வேறு. ஒன்றை மற்றதற்கு ஈடாக ஏற்றுக்கொள்வது, பிரௌனுக்கு முன் பிரிவினையை நியாயப்படுத்திய ‘தனியாக, ஆனால் சமமாக’ என்ற பழைய வாக்குறுதிக்கே திரும்புவதாகும்.

பணம் தரும்போது மாவட்டத்துக்குள்ளும் கவனிக்க வேண்டும். பல வாரியங்கள் பள்ளிக்கு ஆசிரியர் எண்ணிக்கையை ஒதுக்கி, எல்லோருக்கும் சராசரிச் சம்பளம் என்றே கணக்கெழுதுகின்றன. புது ஆசிரியர்கள் நிறைந்த ஏழைப் பள்ளிக்கு உண்மையில் போவது பல லட்சம் டாலர் குறைவு. உண்மைச் சம்பளத்தை வைத்துப் பள்ளிவாரியாகச் செலவைப் பார்த்தாலே இது தெரியும்.

யார் எதை எடுப்பது

இரண்டு மூன்று பள்ளி உள்ள சிற்றூருக்கு இணைப்பு முறை. கவுன்ட்டி அளவு மாவட்டத்துக்குத் தெருத் தொகுதி அடிப்படையில் கட்டுப்படுத்திய தேர்வு, ஆனால் சிறு மண்டலங்களாகப் பிரித்து, பஸ்ஸுக்குப் பத்தாண்டு நிதி ஒதுக்கிய பிறகு. சுற்றிலும் புறநகர் வளைத்த, மாணவரில் பெரும்பாலோர் ஏழைகளாக உள்ள நகரத்துக்கு உள்ளே எதை மாற்றியும் பயனில்லை; மாநில நிதியை உடனே கேட்க வேண்டும், மாவட்டம் தாண்டிய இடங்களுக்கு மாநில நீதிமன்றத்தையும் சட்டமன்றத்தையும் விடாமல் நெருக்க வேண்டும். பெரிய மாவட்டத்திலிருந்து வசதியான பகுதி பிரிந்து போகும் ஆபத்தையும் முன்பே அடைக்க வேண்டும். மெம்ஃபிஸும் ஷெல்பி கவுன்ட்டியும் 2013-ல் இணைந்தன. அடுத்த ஆண்டே ஆறு புறநகர்கள் தனி மாவட்டம் அமைத்துக்கொண்டன.

எந்த வழியானாலும் ஆசிரியரை மறந்துவிடக் கூடாது. பிரௌனுக்குப் பிந்தைய பதினோரு ஆண்டுகளில் தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டபோது, சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் முதல்வர்களும் வேலை இழந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பிள்ளைகள் சேர்ந்தார்கள், அவர்களை அறிந்த ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிகளை இணைக்கும் தீர்மானத்திலேயே இரு பக்க ஊழியருக்கும் வேலை உறுதி எழுதப்பட வேண்டும்.

கடைசியாகப் பள்ளிக்குள் பார்க்க வேண்டும். வாசலில் எண்கள் சமமாக இருந்தும், எட்டாம் வகுப்பு இயற்கணிதத்திலும் கல்லூரிப் பாடங்களுக்கு இணையான உயர்நிலை வகுப்புகளிலும் ஒரே இனம் உட்கார்ந்திருப்பது வழக்கம். ஆசிரியர் பரிந்துரையை நம்பாமல், ஐந்தாம் வகுப்புக் கணித மதிப்பெண் தகுதியுள்ள எல்லோரையும் தானாக அடுத்த நிலை வகுப்பில் சேர்த்து, வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று விதியைத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொரு அக்டோபரிலும் வகுப்புவாரியாக, தண்டனைவாரியாக, பாடப்பிரிவுவாரியாக மாணவர் கணக்கை வாரியக் கூட்டத்தில் பகிரங்கமாக வைக்க வேண்டும்.